இருபத்து மூன்று ‘ஓம் முதலாளி’

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். அதை இப்போது மறைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. இவ்வளவு காலமும் மறைத்ததற்குத்தான் காரணங்கள் இருந்தன.

மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தேன். அங்கே கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த தாய் தகப்பனோடு சின்ன வயதில் வன்னிக்கு வந்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் கூலிக்கு நின்றேன். பிறகு சைக்கிள் கரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போனேன். இன்றைக்குக் கொக்கிளாய் வீதியில் என்னுடைய நண்டு நிலையம் எங்கே என்று எந்த பஸ் நடத்துநரிடம் கேட்டாலும் இறக்கிவிடுவான். அதே கரையில் படித்த மனிதர் மூன்று பேர் என்னைப்போலவே தொடங்கினார்கள். மூன்று பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் நிற்கிறேன்.

இது நான் போனை வென்ற கதை. ஒருத்தியை மிதித்துக்கொண்டுதான் வென்றேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிலையத்தில் நண்டைத் தரம் பிரிக்கும் மண்டபத்தின் வாசலில் ஒரு கதிரை கிடக்கும். மற்றப் பெண்கள் எல்லாரும் நின்றுதான் வேலை செய்வார்கள். அந்தக் கதிரை மண்டபத்துக்குப் பொறுப்பானவளுக்கு. பதின்மூன்று வருடமாக அதில் ஒருத்திதான் இருந்தாள். கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு பட்ட கால் அவளுக்கு. நெடுநேரம் நிற்க முடியாது. பஸ் ஏறி வேறு ஊருக்கு வேலைக்குப் போகவும் முடியாது. அந்தக் கதிரை இல்லாவிட்டால் அவளுக்கு இந்தக் கரையில் வேலை இல்லை. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதிரைக்காரி என்றே நாங்கள் சொல்வோம்.

அவளிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு படகுக்காரரின் கூடையிலும் அந்த வீட்டுப் பழைய சேலையிலோ சாரத்திலோ கிழித்த ஒரு துண்டு கட்டியிருக்கும். பத்தொன்பது படகு, பத்தொன்பது துணி. கூடை வாசலுக்குள் வரும்போதே துணியைப் பார்த்து, யாருடைய நண்டு, எந்தப் பக்கம் வலை விட்டவன் என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

பிறகு கொழும்பில் எங்கள் நண்டை வாங்கும் கொம்பனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. இனித் துணி இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் கோடு கோடாக அச்சடித்த ஒரு ஒட்டுத்தாள். அதைப் படம் எடுத்து, படகு இலக்கம், வலை விட்ட இடம், கரை சேர்ந்த நேரம் எல்லாம் பதிய வேண்டும். அதற்கு ஒரு கணினிப் பலகை தந்தார்கள். பெண்கள் அதற்குக் ‘கொம்பனிச் சிலேட்டு’ என்று பெயர் வைத்தார்கள். குளிர் அறைக்குள்ளும் ஒரு பெட்டியைப் பொருத்திப் பூட்டினார்கள். உள்ளே சூடு ஏறினால் அது என் போனுக்கு அறிவிக்கும். போனில் லொறிக்காரருக்கு ஒரு குறூப், கடற்றொழில் சங்கத்துக்கு ஒரு குறூப், ஐஸ்காரருக்கு ஒரு குறூப். என் சட்டைப் பைக்குள் போன் கரையில் தூக்கிப்போட்ட மீனைப்போலத் துடித்துக்கொண்டே கிடந்தது.

நான் பயந்தேன். பேப்பரில் இருக்கிற எழுத்தை விரல் வைத்து மெல்ல மெல்ல வாசிப்பேன். போனில் எழுத்து விரலுக்கு நிற்காது, ஓடிவிடும். ஆனால் பயத்தை வெளியே காட்டினால் இந்தக் கரையில் முதலாளியாக இருக்க முடியாது. ஆகவே நானும் ஒரு குறூப் தொடங்குவித்தேன். என்னுடைய இருபத்து மூன்று வேலையாட்களும் அதற்குள்.

எனக்கு அதில் ஒன்றே ஒன்று தெரியும். ஒலிவாங்கிப் படத்தை அமத்திப் பிடித்துக் கதைப்பது, கையை எடுப்பது. அவ்வளவு போதுமாக இருந்தது. காலையில் எழும்பியதும் கதைப்பேன். கையை எடுத்த உடனே வரிசையாக வரும்: ஓம் முதலாளி, ஓம் முதலாளி, ஓம் முதலாளி. இருபத்து மூன்றும் வந்து சேர்ந்தால்தான் எனக்குத் தேத்தண்ணீர் இறங்கும். பிந்திப் போட்டவரை அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு, “என்ன, விரலிலை வாதமோ?” என்று கேட்பேன். ஆகவே ஒருவரும் பிந்துவதில்லை. பதிலோடு நிற்காமல் அந்தோனியார் படம், முருகன் படம், ரோசாப்பூ, காலை வணக்கம் என்று போடுவார்கள். ஒருவர் போட்ட படத்துக்கு மற்றவர்கள் கும்பிடு போடுவார்கள். போடாவிட்டால் மரியாதை இல்லையாம். மத்தியானத்துக்குள் இருநூறு தாண்டிவிடும்.

அதில் ஒன்றையும் நான் திறந்து பார்த்ததில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பேன். வவுனியாவில் முதலாளிமார் கூடிய ஒரு கூட்டத்தில் போனைத் தூக்கிக் காட்டி, “உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தினை வருது?” என்று கேட்டேன். ஒருவனுக்கும் என்னுடைய பாதி வரவில்லை. அந்தப் பெருமைப் புளுகத்தோடு திரும்பி வந்து ஒரு கட்டளை போட்டேன். இனி யாரும் என் அறை வாசலில் வந்து நின்று வாயால் சொல்லக் கூடாது. எதுவானாலும் குறூப்பில் போட வேண்டும். இது புது நிலையம்.

எல்லாரும் ஓம் முதலாளி என்றார்கள். கதிரைக்காரி மட்டும் சிலேட்டுக்குப் பயந்தாள்.

“தொட்டா ஏதும் அழிஞ்சு போயிடும் முதலாளி,” என்றாள்.

“நீ என்ன கடலையே அழிக்கப் போறாய்? தொடு.”

தொட்டாள். நண்டுத் தண்ணியில் ஊறிய விரல் அந்தக் கண்ணாடிக்குப் பிடிக்கவில்லை. அமத்தினாள், அசையவில்லை. இன்னும் அமத்தினாள். மண்டபத்தில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான்தான் நிறுத்தச் சொன்னேன், அவர்கள் பார்க்கட்டும் என்று.

“என்ன பிள்ளை, விரல் தேய்ஞ்சிடுமோ?” என்றேன்.

நான் சிரித்தேன். நான் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய காது மடல்கள் சிவந்துபோனது எனக்கு நல்லாகத் தெரிந்தது. அது எனக்குத் தித்தித்தது. ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன். நான் ஐஸ் பெட்டியோடு இந்தக் கரைக்கு முதன்முதல் வந்த நாளில் அவளுடைய தகப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்து, “தோட்டக்காட்டான், வள்ளத்திலை கை வைக்காமல் தள்ளி நில்,” என்றவர். அவர் செத்து எத்தனையோ காலம். அவருடைய மகள் என்னை முதலாளி என்று கூப்பிடுவதைக் கேட்க எனக்கு அலுத்ததேயில்லை.

“கோயில் கொடியேற்றத்துக்குள்ளை பழகு,” என்றேன். “இல்லாட்டி கதிரையை வேறை ஆளுக்குக் குடுப்பன்.”

கொடியேற்றத்துக்குப் பதினான்கு நாள் இருந்தது. அவள் கழுத்தில் ஒரு காய்ந்த துணியைப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினாள். விரலைத் துடைப்பாள், தொடுவாள், மறுபடி துடைப்பாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே படிப்பாள். பத்தாம் வகுப்புப் படித்தவள், எழுத்து அவளை விட்டு ஓடாது. பத்தாம் நாள் போல எல்லாக் கூடையையும் அவளே பதிந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கொடியேற்றத்துக்கு அடுத்த நாள் நல்ல பாடு, வலை நிறைய நண்டு. கூடைகள் மண்டபத்துக்கு வெளியேயும் அடுக்கப்பட்டிருந்தன. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“முதலாளி, குளிர் அறைக் கதவு...”

நான் தலை நிமிரவில்லை. விரலால் போனைக் காட்டினேன்.

“வாயாலை வேண்டாம். குறூப்பிலை போடு.”

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காலை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வெளியே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் யாரோடோ கதைப்பதும் கேட்டது. வேலை நேரத்தில் போனில் அலட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு பெரிய பேச்சுப் பேசிப் போட்டேன். நல்ல பாடு கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி, என் உழைப்பைப் பார்த்துப் பழகுங்கள் என்று. ஓம் முதலாளி இருபத்து மூன்றும் வந்தன. குளிர் அறைப் பெட்டி அன்று பின்னேரம் முழுக்க என் போனில் கோழிக்குஞ்சைப்போலக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அது என்ன சொல்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. பக்கத்துப் பொத்தானை அமத்தி அதன் வாயை மூடினேன்.

மறுநாள் காலை லொறி வந்தது. கொம்பனியின் ஆள் இறங்கி, குளிர் அறைக்குக் கிட்டப் போகுமுன்னமே மூக்கைப் பொத்தினார். கதவின் ஓரத்து ரப்பர் பாதி கழன்று தொங்கியது. கதவு மூடுப்படாததால் யாரோ துணித் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து, கயிறாக்கி, கைபிடியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பத்தொன்பது வீட்டுத் துணியும் அந்தக் கயிற்றில் இருந்தது. கதவு அப்படியும் ஒரு விரல் திறந்துதான் கிடந்தது. ஒரு கூடையைக்கூட அவர் ஏற்றவில்லை. லொறி வெறுமையாகத் திரும்பியது.

நான் எல்லாரையும் முற்றத்தில் கூப்பிட்டேன்.

“கதவுக்குச் சேலை கட்டினது ஆர்?”

“நான்தான் முதலாளி,” என்றாள் கதிரைக்காரி.

“கதவு பழுது எண்டு உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“தெரிஞ்சும் குறூப்பிலை போட உனக்கு விரல் வரேல்லை. போய்ச் சேலை கட்டியிருக்கிறாய்.”

“போட்டனான் முதலாளி.”

“எங்கை? காட்டு.”

அவள் தன் போனை நீட்டினாள். நான் அதை வாங்கவில்லை. வாங்கினால், இருபத்து மூன்று பேருக்கும் முன்னால் அதற்குள் தேட வேண்டும். எங்கே தொடுவது என்று எனக்குத் தெரியாது. அவளுடைய கை நீட்டியபடியே நின்றது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். போன் மணலில் விழுந்தது.

“பொய்யும் பழகிட்டாள்,” என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் மணலில் கிடந்த போனைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு நான் செய்வித்ததை எழுதுகிறேன். கரையில் கிடங்கு வெட்டி நண்டைப் புதைக்க வேண்டியிருந்தது. மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவளைக் கொண்டே கூடை கூடையாகச் சுமப்பித்தேன். அந்தக் காலோடு, அந்த மணலில், வெயில் ஏறும்வரை. இடையில் ஒருத்தி ஓடிப்போய் ஒரு கூடையைப் பிடிக்கப் பார்த்தாள். “விடு, அவ படிச்சவ, தானே தூக்குவா,” என்றேன். கடைசிக் கூடைக்கு அவள் கால் மடிந்து முழங்காலில் விழுந்தாள். கூடையை விடவில்லை. முழங்காலாலேயே போய்க் கிடங்கில் கொட்டினாள். நான் கதிரையைத் தூக்குவித்து, அவளுக்குக் கீழே வேலை செய்த ஒருத்தியை அதில் இருத்தினேன். “நாளையிலை இருந்து நீ பின்னுக்குக் கூடை கழுவு,” என்று இவளிடம் சொன்னேன். கழுவுகிற இடத்தில் நின்றுதான் கழுவ வேண்டும்.

ஒரு கிழமை, ஏழு நாளும் நின்று கழுவினாள். பிறகு வரவில்லை. ஒருவரும் அவளைப் பற்றிக் கதைக்கவில்லை. குறூப்பில் வணக்கமும் ரோசாப்பூவும் வந்துகொண்டேயிருந்தன.

மாதம் ஒன்று போயிருக்கும், என் போன் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. புதுக்குடியிருப்பில் ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். கடைக்காரர் பார்த்துவிட்டு, “ஐயா, இதுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை, வயிறு முட்டிப் போச்சு,” என்றார். “பூவும் சாமிப்படமும் மட்டும் ஆயிரக்கணக்கிலை கிடக்கு. துடைச்சு விடட்டோ?”

“துடையும்.”

துடைத்துக்கொண்டு போனவர் ஓர் இடத்தில் நின்றார். “இதுக்குள்ளை ஒரு குரல் செய்தி கேக்காமல் கிடக்கு. முக்கியமோ தெரியேல்லை.” என்னைக் கேட்குமுன்னமே அமத்திவிட்டார். கடை முழுக்க அவளுடைய குரல் கேட்டது.

“முதலாளி, குளிர் அறைக் கதவின்ரை ரப்பர் கழண்டு போச்சு. கதவு மூடுப்படேல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுறது உங்களாலைதான் ஏலும். நான் இப்போதைக்குத் துணியாலை இழுத்துக் கட்டி வைக்கிறன். நேரம் போகப் போகச் சூடு ஏறும். ஒருக்கா வாங்கோ.”

பின்னால் என் அறை மின்விசிறியின் சத்தம்கூட அதில் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறாள்.

கடையில் நின்ற ஒருவர், “பிறகு ஆரும் போய்ப் பாத்தவையோ?” என்று பொதுவாகக் கேட்டார்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “இதையும் துடைக்கட்டோ ஐயா?”

“துடையும்,” என்றேன்.

துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து நேரே அவளுடைய வீட்டுக்குப் போனேன். மனம் இளகிப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதிதாக இருத்தினவள் கூடைகளை மாறி மாறிப் பதிந்து, கொம்பனி என்னை இரண்டு தரம் எச்சரித்திருந்தது. எனக்குக் கதிரைக்காரி வேண்டியிருந்தது.

அவள் முற்றத்தில் வேம்புக்குக் கீழே, கவிழ்த்த வாளியில் இருந்து வலைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. என்னை இருக்கச் சொல்லவும் இல்லை.

“உன்ரை செய்தியைக் கேட்டனான்,” என்றேன்.

“இப்பவோ?”

“ஓம்.”

“மற்ற எல்லாரும் அண்டைக்கே கேட்டவை,” என்றாள். “கேட்ட ஆக்களின்ரை பேர் என்ரை போனிலை விழும். இருபத்திரண்டு பேர் விழுந்தது. உங்கடை மட்டும் இல்லை.”

இருபத்திரண்டு பேர். என் முற்றத்தில் அவள் கூடை சுமக்கும்போது வரிசையாக நின்ற அதே ஆட்கள். ஒவ்வொருவரும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் நின்றிருக்கிறார்கள்.

“அதுக்குக் கீழை கும்பிடும் போட்டவை,” என்றாள். “பிறகு நீங்கள் பேசிப் போட்டீங்கள். அதுக்கு ஓம் போடப் போயிட்டினம்.”

“நான் இண்டைக்கு அதைத் துடைச்சிட்டன்.”

“உங்கடை போனிலை மட்டும் துடைச்சிருப்பீங்கள். எங்கள் எல்லாரிட்டையும் கிடக்கு.”

“அண்டைக்கு ஏன் நீ சத்தம் போட்டுச் சொல்லேல்லை?”

“போனை நீட்டினனானே. வாங்கியிருந்தா எங்கை தொடுறது எண்டு என்னட்டைத்தான் கேட்டிருப்பீங்கள். அதுதான் வாங்கேல்லை.” ஊசியை இழுத்து முடிச்சைக் கடித்தாள். “பதின்மூண்டு வருசமா உங்கடை கடிதத்தை எல்லாம் ஆர் வாசிச்சுச் சொன்னது, முதலாளி? உங்களுக்கு வாசிக்க வராதெண்டு எனக்குத் தெரியாதோ?”

அது உண்மை. கண்ணாடியை விட்டுவிட்டு வந்தேன், வெளிச்சம் காணாது என்று ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு சாட்டு. அவள் எந்தச் சாட்டையும் கேள்வி கேட்காமல் வாசித்தாள்.

“திருப்பி வா,” என்றேன். “கதிரை உனக்குத்தான்.”

“வாறன். ஆனா குறூப்பிலை நீங்கள் இருக்கக் கூடாது.”

“அது என்ரை குறூப்.”

“அதைத்தான் சொல்லுறன். நீங்கள் இருந்தா அவை ஓம் போட்டே ஆகவேணும். நீங்கள் இல்லாட்டி நண்டைப் பற்றிக் கதைப்பினம்.”

நான் சிரித்துப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து சிரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

“சரி. நாளைக்குப் பாப்பம்.”

“இப்ப விலகுங்கோ. நான் பாக்கவேணும்.”

“எப்பிடி எண்டு சொல்லு.”

“நீங்களே தேடுங்கோ,” என்றாள். “எனக்குப் பதினாலு நாள் தந்தீங்கள். நான் இதிலை இருட்டும்வரைக்கும் இருப்பன்.”

வேம்பு நிழல் விலகி வெயில் என் தலையில் இறங்கியது. நான் போனைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். விரல் வியர்த்து வழுக்கியது. அமத்தினால் வேறு எதுவோ திறந்தது. ஒரு தரம் முருகன் வந்தார். ஒரு தரம் தெரியாமல் கதைக்கும் பொத்தானை அமத்தி, என் மூச்சு வாங்குகிற சத்தம் குறூப்புக்குப் போய்விட்டது. உடனே வரத் தொடங்கியது: ஓம் முதலாளி, ஓம் முதலாளி. பக்கத்து வேலியில் இரண்டு பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். அவள் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

“என்ன முதலாளி, விரல் தேய்ஞ்சிடுமோ?” என்றாள்.

முகத்தில் சிரிப்பே இல்லை. கழுத்தில் கிடந்த காய்ந்த துணியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கினேன். விரலைத் துடைத்தேன். ‘வெ’ என்று தொடங்கும் ஒரு சொல்லைக் கண்டேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்: வெளியேறு. அமத்தினேன். ‘நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்’ என்று வந்தது. என் வாழ்க்கையில் போனில் நானே தேடி, நானே வாசித்த முதல் வசனம் அதுதான்.

அடுத்த நாள் அவள் வந்து கதிரையில் இருந்தாள். குறூப்பில் பூ போட்டால் வெளியே தள்ளுவேன் என்று சொல்லிவிட்டாளாம். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்துச் செய்திதான் இப்போது வருகிறதாம். குளிர் அறைப் பெட்டியை அவளுடைய போனுக்கும் சேர்த்துக் கீச்சிட வைத்தோம். என் போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தந்தார்கள். இப்போது விரலுக்கு நிற்கிறது. வவுனியாக் கூட்டத்தில் மறுபடி எழும்பி, சொந்த நிலையத்துக் குறூப்பிலிருந்து தானாக விலகிய முதலாளி இந்த வன்னியில் நான் ஒருவன்தான் என்று சொன்னேன். கைதட்டினார்கள். யார் விலக்கியது என்று நான் சொல்லவில்லை. இங்கேதான் முதல்தரம் எழுதுகிறேன்.

அவள் நல்லவள் ஆகிவிட்டாள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அவளுடைய கதிரையில் ஒரு மாதம் இருந்தவளைக் கூடை கழுவ அனுப்பினாள். இன்றுவரை அவளுக்கு இருக்க ஒரு வாங்குப் பலகை போட விடவில்லை. அந்த இருபத்திரண்டு பேரிலும் ஒருவரோடும் அவள் வேலைக்கு மேல் ஒரு சொல் கதைப்பதில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் ஒரு தரம் என் அறை வாசலுக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். எத்தனை கூடை, எது பழுது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று வாயால் மூன்று வசனம் சொல்வாள். நான் தலையை நிமிர்த்திக் கேட்பேன். அவள் போகாமல் நிற்பாள், நான் சொல்லும்வரை.

“ஓம்,” என்பேன். அதற்குப் பிறகுதான் போவாள்.